ஒத்து வந்த பல்

ஓசிக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. கல்லூரி முதல் வருடத்திலேயே அது வழக்கொழிந்து போயிற்று. கடையில் மாதிரிக்கு வைத்திருக்கும் சென்ட்டை அடித்துக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனவன், ரயிலில் அடுத்தவன் செய்தித்தாளைத் தோளுக்கு மேலாகப் படித்து முடித்துவிட்டு "பக்கத்தைத் திருப்புங்க சார்" என்றவன். அவனை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? அவனுக்கும் அதில் வருத்தமில்லை. பட்டப்பெயரும் சும்மா வந்ததுதானே.

அப்பேர்ப்பட்டவன் வெளிநாடு சுற்றக் கிளம்புகிறான் என்றதும் உறவுக்காரர்கள் ஆடிப்போனார்கள். "பிளேன்ல நின்னுக்கிட்டே போறதுக்கு டிக்கெட் விட்டிருக்காங்களா?" என்று பெரியப்பா விசாரித்தார். அப்படியெல்லாம் இல்லை. முன்பின் தெரியாதவர்களைத் தங்கள் வீட்டில் சும்மா தங்கவைக்கிற புண்ணியவான்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களையும், சும்மா தங்க அலைகிறவர்களையும் கோத்துவிட ஓர் இணையதளம் இருக்கிறது. ஓசி அதில் சேர்ந்து தன்னைப் பற்றி எழுதினான்: "எளிமையானவன். உங்கள் வீட்டில் ஒருவனாகவே இருப்பேன். பாத்திரம் தேய்ப்பேன்." மூன்றாவது மட்டும் பொய்.

துணைக்குச் சித்தி மகன் முயலை இழுத்துக்கொண்டான். முன்பற்கள் இரண்டும் உதட்டுக்கு வெளியே வந்து உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவன் முயல். படிப்பு ஏறவில்லை, வேலை அமையவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தம்பி சிரித்துவிட்டதால் அதுவும் நடக்கவில்லை. "பல்லு மட்டும் வெளிய வந்தா போதுமா? நீ எப்படா வீட்டை விட்டு வெளிய வரப் போற?" என்று சித்தி வாய்க்கு வந்தபடி திட்டுவாள். திட்டிக்கொண்டே தட்டில் இன்னொரு கரண்டி போடுவாள். சித்தப்பா போனபிறகு அவளுக்கு மிச்சமிருந்தது அந்த இரண்டு பல்லும் அதற்குப் பின்னால் இருந்த பையனும்தான்.

விமான நிலையத்தில் அவள் ஓசியின் சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். "டேய், எப்படிக் கூட்டிட்டுப் போறியோ அப்படியே கொண்டாந்து என் கையில குடுக்கணும். உன்னை நம்பித்தான் அனுப்பறேன்." அவள் ஒருபோதும் அவனை நம்பி எதையும் கொடுத்ததில்லை. குடை கேட்டால்கூடக் கொடுத்ததில்லை. அதனால் அந்தச் சொல் அவனுக்குள் எங்கேயோ இடறியது.

விமானத்தில் கொடுத்த பன்னை ஓசி சாப்பிடவில்லை. பைக்குள் போட்டான். பக்கத்து இருக்கைக்காரர் தொடாமல் விட்ட பன்னையும் போட்டான். ஊர் ஊராகப் போய், வீடு வீடாகத் தங்கி, பயணத்தின் கடைசி ஊரில் ரயிலைவிட்டு இறங்கியபோது முயல் பசிக்கிறது என்றான். ஓசி பன்னை எடுத்து நீட்டினான்.

"அண்ணா, இது கல்லு மாதிரி இருக்கு."

"கல்லு மாதிரி இருந்தாலும் கோதுமைடா. கடி."

முயல் கடித்தான். 'டக்' என்றது. பன்னுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முன்பல்லில் பாதி போயிருந்தது. முயல் வாயைப் பொத்திக்கொண்டு நடைமேடையில் உட்கார்ந்துவிட்டான். அந்த நாட்டில் பல் டாக்டரிடம் போனால் பல்லுக்காக மற்ற உறுப்புகளை விற்க வேண்டிவரும் என்று ஓசி கேள்விப்பட்டிருந்தான். "முதல்ல வீட்டுக்குப் போவோம். அவங்களைக் கேப்போம்" என்றான்.

கடைசியாகத் தங்கப்போகும் அந்த வீட்டுக்காரர்கள் நம் பாஷை பேசுகிறவர்கள், அங்கே குடியேறி வெகுகாலம் ஆனவர்கள். முன்பு தங்கியவர்கள் அவர்களைப் பற்றி எழுதியிருந்ததெல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. அன்பானவர்கள், நல்ல சாப்பாடு, ஆனால் சாப்பிடும்போது நம் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கண் வைக்கிறார்கள்போல என்று ஓசி எடுத்துக்கொண்டான். கண் வைப்பதற்குக் காசு வாங்குவதில்லையே.

சரிவான தெரு ஒன்றின் கடைசி வீடு. ஒடுக்கமான வாசல், உள்ளே ஆளுயரக் கண்ணாடி, கூடம், கூடத்துக்குப் பின்னால் மூடிய கதவுக்கு அந்தப்பக்கம் ஏதோ மெல்லிய ரீங்காரம். கதவைத் திறந்த வீட்டம்மா ஓசியை ஏறிட்டுப் பார்க்கவில்லை. முயலின் வாயில் இருந்த கையை மெதுவாக விலக்கினாள். பார்த்தாள். உள்ளே திரும்பி, "என்னங்க, கொஞ்சம் வாங்க" என்றாள். குரலில் பதற்றம் இல்லை. பொட்டலம் வந்திருக்கிறது என்று சொல்வதுபோல் இருந்தது.

ரீங்காரம் நின்றது. வெள்ளைத் தூசி படிந்த மேலங்கியோடு வீட்டுக்காரர் வந்தார். அவருக்குத் தொழில் பல் செய்வது. டாக்டர் இல்லை. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பொய்ப்பல்லும் பல்லுறையும் செய்து அனுப்புகிறவர். நோயாளிகள் அவரைப் பார்த்திருக்க மாட்டார்கள், அவர் செய்த பல்லைப் பார்த்திருப்பார்கள்.

"டாக்டருக்கே பல்லு செஞ்சு குடுக்கறது நான்தான். நடுவுல அவர் எதுக்குத் தம்பி?" என்றார் பல்லுக்காரர்.

இடைத்தரகர் வேண்டாம் என்று யார் சொன்னாலும் ஓசிக்கு அவர் மகான். "சார், இதுக்கு எவ்வளவு ஆகும்?"

"நம்ம வீட்டுப் புள்ளைக்கு என்ன காசு?"

ஓசி முயலின் காதில் குனிந்தான். "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதுடா. போய் உக்காரு." மாட்டைக் கொடுக்கிறவர்தான் வாங்க வந்தவனின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

பின்னறைதான் பட்டறை. மேஜை மேல் மெழுகு உருக்கும் சின்ன அடுப்பு, ஊசிபோன்ற கத்திகள், கீல் வைத்த இரும்புத் தாடை ஒன்று. அதில் மேல்வரிசையும் கீழ்வரிசையும் மாட்டி, கடித்துக் கடித்துப் பார்ப்பாராம். சாவிக்கொத்துபோல ஒரு கொத்து. சாவிக்குப் பதில் ஒவ்வொரு வெள்ளையில் ஒவ்வொரு பல். சுவர் முழுக்கப் பலகைகள், அவற்றில் வரிசையாகச் சுண்ண வார்ப்புகள். எல்லாம் வாய்கள். முகம் இல்லாத, நாக்கு இல்லாத, சிரிக்கவும் செய்யாத அழவும் செய்யாத வாய்கள்.

"இதெல்லாம் டாக்டருங்க அனுப்பினதா சார்?"

"அந்தப் பக்கம் இருக்கறது அவங்க அனுப்பினது. இந்தப் பக்கம் இருக்கறது வீட்டுக்கு வந்த புள்ளைங்களோடது. வந்தவங்க எல்லார்கிட்டயும் ஒரு அச்சு எடுத்துக்குவேன்." பல்லுக்காரர் ஒரு வார்ப்பைத் தடவிவிட்டு வைத்தார். "ஒண்ணும் ஒத்து வரல."

எதற்கு ஒத்து வரவில்லை என்று ஓசி கேட்டிருக்கலாம். அப்போதுதான் சமையலறையில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.

இரண்டு ராத்திரி தங்குவதாக ஏற்பாடு. முதல் நாள் பல்லுக்காரர் முயலுக்கு மரத்துப்போக ஊசி போட்டு, உடைந்த பல்லைச் சீவி, மேலே தற்காலிக உறை ஒன்றை ஒட்டினார். மறுநாள், அந்தப் பல்லுக்குச் சமமாகப் பக்கத்துப் பல்லும் வரவேண்டும், இல்லாவிட்டால் கடி கோணும் என்றார். அதற்கடுத்து, மேல்வரிசை மாறினால் கீழ்வரிசை சும்மா இருக்குமா என்றார். நியாயம்தான். ஓசி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். முயல் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்த நேரமெல்லாம் ஓசி ஊர் சுற்றினான். அனுமதி இலவசமான கண்காட்சிகள், நுழைவுச் சீட்டு இல்லாத பூங்காக்கள், உட்கார்ந்தால் யாரும் எழுப்பாத நூலகம். சாயங்காலம் திரும்பிவந்தால் சூடான சோறு இருக்கும். முயலின் வாயில் இன்னொரு பல் மாறியிருக்கும்.

ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியபோது ஓசிக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஓசி கூச்சப்படுவது அமாவாசையில் நிலா வருவது போல.

"விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குன்னு சொல்லுவாங்க. நாங்க ரொம்பத் தொந்தரவு குடுக்கறோம்மா."

வீட்டம்மா முயலுக்குச் சோற்றைக் குழையப் பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அது விருந்துக்குத் தம்பி" என்றாள்.

முயல் அவளை அம்மா என்றான். அதில் ஓசிக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாம் பஸ்ஸில் இடம் விடச்சொல்லிக் கேட்கும்போதுகூட அம்மா என்போம். பல்லுக்காரரை முயல் அப்பா என்றபோதுதான் ஓசியின் கை தட்டிலேயே நின்றது. அவரை என்னவென்று கூப்பிட்டாய் என்று கேட்பதற்குள் முயல் அதைச் சாதாரணமாகக் கடந்து, தண்ணீர் கேட்டு, குடித்தும்விட்டான். அவன் போட்டிருந்த சட்டை அவனுடையது இல்லை. தலைமுடியை யாரோ வகிடு மாற்றிச் சீவியிருந்தார்கள்.

"சட்டை ஏதுடா?"

"அலமாரில இருந்துச்சு. அளவா இருக்குல்ல?"

"நாளன்னிக்கு பிளைட்டு. ஞாபகம் இருக்கா?"

முயல் சிரித்தான். ஓசி அந்தச் சிரிப்பை எங்கேயோ பார்த்திருந்தான். முயலிடம் இல்லை. முயல் சிரித்தால் முதலில் பல் வரும், பிறகுதான் முயல் வருவான். இப்போது பல் உள்ளே போயிருந்தது. பல் உள்ளே போனதால் உதடு மூடியது, உதடு மூடியதால் தாடை இறங்கியது, தாடை இறங்கியதால் கன்னத்தில் ஒரு குழி வந்திருந்தது. தச்சன் ஒரு கால் மாற்றினால் மேஜை முழுவதும் வேறு மாதிரி நிற்குமே, அப்படி.

மறுநாள் காலை, வாசல் கண்ணாடியில் தலை சீவும்போது எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த படம் அதில் தெரிந்தது. தினமும் தெரிந்த படம்தான். வீட்டுக்காரர், வீட்டம்மா, நடுவில் முதுகுப்பை மாட்டிய ஒரு பையன். பையன் சிரித்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் குழி. அதே சட்டை.

சீப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓசி பட்டறைக்குள் போனான். இரும்புத் தாடையில் பழுப்பேறிய பழைய வார்ப்பு ஒன்று மாட்டியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து, பல்லுக்காரர் புதிதாக ஒரு பல்லை ராவிக்கொண்டிருந்தார்.

"இது யாரோட வாய் சார்?"

"என் பையனோடது." அவர் ராவுவதை நிறுத்தவில்லை. "உங்களை மாதிரிதான். பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பினான். இதே இணையதளம்தான். ஊர் ஊரா யார் யார் வீட்டுலயோ தங்கினான். கடைசியா போன் பண்ணப்ப, ரொம்ப நல்லவங்க வீட்டுல இருக்கேன், இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்னான். அவ்வளவுதான்."

"போலீஸ்ல சொல்லலையா?"

"அவங்க தேடினாங்க. நாங்களும் வருஷக்கணக்கா தேடினோம். அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது." பஸ் எங்கே மாற வேண்டும் என்று வழி சொல்கிறவரைப் போல அவர் பொறுமையாகச் சொன்னார். "எங்கயோ ஒரு வீட்டுல எங்க புள்ளைய வெச்சிருக்காங்க தம்பி. நல்லாத்தான் வெச்சிருப்பாங்க. அவங்க புள்ள எங்கயாவது போயிருப்பான், பாவம், அவங்க மட்டும் என்ன பண்ணுவாங்க? அப்ப எங்க வீட்டுக்கும் ஒருத்தன் வந்து சேரணும்ல? மத்தவங்களுக்கெல்லாம் தாடை வேற மாதிரி. இவனுக்குப் பல்லு மட்டும்தான் இடைஞ்சலா இருந்துச்சு."

"அவனுக்கு அம்மா இருக்காங்க சார்! எங்க சித்தி!"

"அவங்களும் தங்க இடம் குடுக்கட்டும்" என்றார் பல்லுக்காரர். "யாராச்சும் வருவாங்க."

ஓசி முயலின் கையைப் பிடித்து இழுத்தான். மூட்டை கட்டவில்லை, சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஓசி தன் துண்டை ஓரிடத்தில் விட்டுவிட்டுக் கிளம்பியது அதுவே முதல் தடவை. வாசலை யாரும் மறிக்கவில்லை. கதவு பூட்டியிருக்கவில்லை. "தாராளமா போகட்டும்" என்றாள் வீட்டம்மா. "ஆனா என் புள்ளையோட பல்லைப் போட்டுக்கிட்டு எதுக்குங்க வேற வீட்டுக்குப் போகணும்?"

முயல் தானாகவே பட்டறைக்குத் திரும்பி, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தான். பல்லுக்காரர் தற்காலிகப் பசையை இளக்கி, ஒவ்வோர் உறையாகக் கழற்றி, தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார். பூப்பறிப்பதுபோல் அவ்வளவு பதமாக. கழற்றி முடித்தபோது முயலின் வாயில் முயலின் பல்லும் இல்லை, அந்தப் பையனின் பல்லும் இல்லை. சீவிய பென்சில் முனைகள்போலக் குட்டிக் குட்டி முளைகள் மட்டும் இருந்தன.

வெளியே காற்று அடித்துக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தம் வரைக்கும்கூட முயலால் நடக்க முடியவில்லை. ஒவ்வொரு மூச்சும் வாய்க்குள் கத்தியாக இறங்கியது. கண்ணில் நீர் கொட்டியது.

"அண்ணா, மூச்சு விட்டாலே கூசுது அண்ணா."

"வாயை மூடிக்கடா."

"மூடினாலும் கூசுது."

பெரிய தெருவில் ஒரு பல் மருத்துவமனை இருந்தது. கண்ணாடிக் கதவு, வழவழப்பான தரை, நுழைந்தாலே பணம் கேட்கும் வாசனை. எந்த ஊரிலும் இப்படியொரு வாசலை ஓசி எதிர்ப்பக்கமாகவே கடந்து போவான். இன்று தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். பர்ஸைத் திறந்து மேஜை மேல் வைத்தான். "எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்க. இவனுக்குப் பல்லு வேணும். இப்பவே வேணும்."

இளவயது டாக்டரம்மா முயலின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தாள். அந்த ஊர்ப் பேச்சில் அவள் சொன்னது ஓசிக்குப் புரிந்த வரையில் இதுதான்:

"எவ்வளவு நேர்த்தி! யார் சீவினது?"

ஓசி சரிவான தெருவைச் சொன்னான்.

"அட, அவரா?" டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. "இந்த ஊர்ல நாங்க எல்லாரும் அவர்கிட்டத்தான் செய்யக் குடுக்கறோம். கைராசிக்காரர். அவர் ஆரம்பிச்ச வாயில இன்னொருத்தர் கை வைக்கறது முறையில்லை. இருங்க, அவரையே கேட்டுடறேன்."

ஓசி வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டுவதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள். இரண்டு வார்த்தை பேசினாள், சிரித்தாள், வைத்தாள். "பசை கலந்து தயாரா வெச்சிருக்காராம். அனுப்பச் சொன்னார்."

பர்ஸை அவளே மூடி ஓசியின் கையில் திருப்பிக் கொடுத்தாள். அவர் வீட்டுப் பையனிடம் எப்படிக் காசு வாங்குவது என்றாள். பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஓசிக்கு இலவசம் கசந்தது.

"மாத்திரை வாங்கித் தரேன்டா. டாக்ஸி வெச்சுக்கலாம். பக்கத்து ஊருக்குப் போயிடலாம். டேய், டாக்ஸின்னு சொல்றேன்டா, நான் சொல்றேன்டா!"

முயல் ஏற்கெனவே எழுந்திருந்தான். வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, வந்த வழியே சரிவில் ஏறினான். ஓசி சட்டையைப் பிடித்தான். பாதித் தெரு வரைக்கும் பிடித்துக்கொண்டே போனான். கையில் இருப்பது அந்தப் பையனுடைய சட்டை என்று நினைவு வந்ததும் விரல்கள் தாமாக விட்டுவிட்டன.

ஓசி தயங்கித் தயங்கிப் போய்ச் சேர்ந்தபோது முயலுக்கு எல்லா உறைகளையும் ஒட்டி முடித்திருந்தார்கள். இம்முறை பசை வேறு. "இது வராது" என்று பல்லுக்காரர் திருப்தியாகச் சொன்னார். மூவரும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள், முயல் நடுவில். வலி விட்டுப்போனவன் முகத்தில் வரும் அந்த வெளிச்சம் அவன் முகத்தில் இருந்தது. சித்தி வீட்டில் சாப்பிடும்போது, தூங்கும்போது, எப்போதுமே ஓசி அவன் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

"கிளம்பலாமாடா?" என்றான் ஓசி. குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"கண்ணாடியில பாத்தேன் அண்ணா" என்றான் முயல். "யாரும் சிரிக்க மாட்டாங்க."

அப்போது ஓசியின் போன் அடித்தது. சித்தி. முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. எடுக்காவிட்டால் விடாமல் அடிப்பாள். எடுத்தான்.

"எங்கடா போய்த் தொலைஞ்சீங்க ரெண்டு பேரும்? நாளைக்கு வரீங்கள்ல? அவனுக்குப் புடிச்சதெல்லாம் வாங்கி வெச்சிருக்கேன். எங்க அவன்?"

ஓசி போனைச் சோபாப் பக்கம் திருப்பினான். திரையில் சித்தி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். கலைந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள், தோளில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். வெளியாள் முன்னால் மட்டும் அவள் செய்வது.

"வணக்கம்ங்க. உங்க வீட்டுலதான் பசங்க இருக்காங்களா? ரொம்பப் புண்ணியம். இது உங்க பையனா? சிரிச்ச முகமா, லட்சணமா இருக்கானே."

"ஆமாங்க" என்றாள் வீட்டம்மா.

ஓசி முயலையே பார்த்தான். சொல்லுடா. ஒரே ஒரு வார்த்தை சொல்லுடா. முயல் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். பிறகு அவன் வரிசையான பற்கள் தெரிய, நல்ல பிள்ளையாக, திரையைப் பார்த்துச் சிரித்தான்.

"நல்லா இருக்கீங்களா ஆன்ட்டி?"

குரலும் மாறியிருந்தது. புதுப் பல்லுக்கு நாக்கு இன்னும் பழகவில்லை.

"நல்லா இருக்கேம்பா, நல்லா இரு." சித்தியின் கண்கள் அவனைத் தாண்டி, பின்சுவரையும் கதவுகளையும் துழாவின. "டேய் பெரியவனே, எங்கடா என் புள்ள? தூங்கறானா? எழுப்புடா. அவன் குரலைக் கேக்கணும் எனக்கு."

ஓசி அந்த வீட்டின் அறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஏதோ ஓர் அறையில் முயல் இன்னும் படுத்துக் கிடக்கிறான், கூப்பிட்டால் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்துவிடுவான் என்பதுபோல.

"கூப்பிடுடா" என்றாள் சித்தி.

"டேய் முயலு!" என்று ஓசி உரக்கக் கூப்பிட்டான்.

சோபாவில் இருந்தவன் திரும்பிப் பார்க்கவில்லை.